கட்டை நிற்கிற இடம்

படிப்பாலத்தின் கடைசிப் படி முடிகிற இடத்தில் ஒரு தூண். தூணுக்கும் இரும்புக் கிராதிக்கும் நடுவே நாலடிக்கு மூன்றடி. ரயிலை விட்டு இறங்கி, பாலம் ஏறி, கடைத்தெருப் பக்கம் இறங்குகிற அத்தனை கால்களும் அந்த நாலடியை உரசித்தான் போக வேண்டும். தெருவில் விரித்து விற்கிற எழுபது பேரில் அறுபத்தொன்பது பேருக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண். பெல்ட் விற்கிறவனுக்கு மட்டும் இரண்டு கண்ணும்.

இடம் ஊசிக்காரியுடையது.

தெருவில் யாருக்கும் பத்திரம் கிடையாது. இருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. காலை ஒன்பது மணிக்கு உன் இடத்தில் உன் சாமான் ஏதாவது கிடக்க வேண்டும். செங்கல், கால் உடைந்த நாற்காலி, கட்டி வைத்த சாக்கு, எதுவானாலும் சரி. கிடந்தால் இடம் உன்னுடையது, நீ பத்து மணிக்கு வா, பன்னிரண்டு மணிக்கு வா. வெறுந்தரையாக இருந்தால் முதலில் வந்தவன் விரிக்கலாம். தொடர்ந்து மூன்று நாள் விரித்துவிட்டால் அது அவனுக்கே. அதனால் ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல் காணாமல் போகும், நாற்காலி சாக்கடையில் கிடக்கும், காலையில் ஒரே கூச்சல். ஊசிக்காரியின் அடையாளத்தை மட்டும் பன்னிரண்டு வருஷமாக எவனும் தொட்டதில்லை.

அது ஒரு ஊன்றுகோல். கக்கத்தில் வைத்து நடக்கிற மரக்கட்டை. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலை வாங்கிக்கொண்டு போனது. கட்டைகள் ஜோடியாகத்தான் கிடைக்கும். அவள் ஒற்றைக் கட்டையோடு நடக்கப் பழகிவிட்டதால் மற்றது மிச்சம். அதைக் கிராதியோடு சேர்த்து எலாஸ்டிக்கால் இறுகக் கட்டி நிறுத்தியிருந்தாள். பகலில் அதன் குறுக்குப்பிடியில் அளவு நாடாக்களும் ஜிப்புகளும் தொங்கும், ராத்திரியில் மொட்டையாக நிற்கும். நொண்டியின் கட்டையைத் திருடினால் பாவம் என்று நினைத்தார்களோ, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ. இரண்டாவதுதான் என்பது அவளுடைய எண்ணம்.

"நாங்க கல்லு வெச்சா களவு போகுது. உன் கட்டைய நாய்கூட மோந்து பாக்க மாட்டேங்குதே," என்பாள் பக்கத்து இடத்தில் வாளியும் குவளையும் விற்கிற வாளிக்காரி.

"நாய்க்கு அறிவு இருக்குக்கா. நாளைக்கு நமக்கும் நாலுல ஒண்ணு போகலாம்னு அதுக்குத் தெரியும்."

பெல்ட்காரனுக்கு இடம் தூணுக்கு அந்தப் பக்கம், வெயிலில். முப்பது வயதுக்காரன். தோளில் இருபது பெல்ட், கையில் பத்து. தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவான்.

"ஊசியக்கா, ஊசி விக்க இம்மாம் பெரிய இடம் எதுக்கு? ஒரு நோட்டுப் புத்தகம் அகலம் போதாதா?"

"உனக்கு எதுக்குடா? அத்தனையும் இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தே விக்கலாமே. உனக்குத்தான் ரெண்டு காலும் ஒழுங்கா இருக்கே."

"அதில்லக்கா. என்னிக்காவது கடைய நிறுத்தினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"செத்தா சொல்றேன். போ."

விற்பது என்னவோ ஊசி, ஊக்கு, ஹூக், பட்டன், நூல்கண்டு, எலாஸ்டிக். சில்லறைச் சாமான். ஆனால் பதினாறாம் நம்பர் ஊசியையும் பதினெட்டாம் நம்பர் ஊசியையும் பார்க்காமலே விரலால் தடவிப் பிரித்து எடுப்பாள். ஒரு துணுக்குத் துணியைக் காட்டினால் அதே நிறத்து நூலை முதல் தடவையிலேயே நீட்டுவாள். கடைத்தெரு முனையில் இருக்கிற தையல்காரர் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து ஒரு வாரத்துக்கான சாமானை வாங்கிப் போவார். அவள் டீக்கடைக்கோ கழிவறைக்கோ போயிருந்தால் வாளிக்காரி சொல்வாள், "கட்டை நிக்குது பாருங்க, இப்ப வந்துடுவா." அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவளே ஊசிக்காரிதான். அவள் போய்வர மற்றவர்களைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகும். வாடிக்கையாளர் அதுவரை நிற்க வேண்டுமே.

காலையிலிருந்து இருட்டும்வரை வாளிக்காரியோடு ஓயாத பேச்சு. எந்தப் பல் வலிக்கிறது, எந்த மருமகள் முறைத்தாள், கனவில் யார் வந்தார், எல்லாம். ஆனால் கடை கட்டிய பிறகு ஊசிக்காரி எந்தப் பக்கம் போகிறாள், எந்தக் கதவைத் திறக்கிறாள் என்று வாளிக்காரிக்குத் தெரியாது. போன் நம்பரும் தெரியாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறவளுக்கு நம்பர் எதற்கு?

*

வீடு தம்பியுடையது. பெற்றவர்கள் இரண்டு பேருக்குமாகத்தான் விட்டுப்போனார்கள். ஆனால் குடும்பம் என்று ஒன்று வைத்திருப்பவன் அவன், வீடு அவனுடையதாகிவிட்டது. பக்கவாட்டில் பழைய சாமான் போட்டு வைத்த அறைக்கு ஒரு கதவு வைத்து, சந்துப் பக்கம் வழி விட்டு, அவளுக்குக் கொடுத்திருந்தான். ஒரு கட்டில், மூலையில் குளிக்க ஒரு சிமெண்ட் மேடை, ஒரு விளக்கு. மின்சாரப் பொத்தான் ஒன்றுதான், செருகுவதற்குத் துளை கிடையாது. அதனால் அவளுடைய போன் தம்பி வீட்டு அலமாரியில் கிடந்து சார்ஜ் ஏறும். காலையில் போகும்போது வாங்கிக்கொள்வாள்.

ஏழு மணிக்கு ஜன்னல் விளிம்பில் தம்பி மனைவி சாப்பாட்டு டப்பாவை வைப்பாள். ராத்திரி அது கழுவித் துடைத்து அதே விளிம்பில் இருக்கும். உப்புக் கூடினால் கால் பங்கு மிச்சம் வைப்பாள் இவள். சண்டை என்றால் சோற்றின் மேல் முட்டை இருக்காது. ஐந்து வருஷமாக இரண்டு பெண்களுக்கும் நடந்த பேச்சுவார்த்தையெல்லாம் அந்த டப்பா வழியாகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கட்டிலில் உட்கார்ந்தாலே ஏதோ சமாச்சாரம்.

"அக்கா, ஊருக்கு வெளியில ஒரு இல்லம் இருக்கு. உன்ன மாதிரி இருக்கறவங்களுக்கு. கட்டில், சாப்பாடு, வாரம் ஒரு தடவை டாக்டர். டிவிகூட இருக்கு."

"என்ன மாதிரின்னா? ஊசி விக்கறவங்களுக்கா?"

"எடக்குப் பண்ணாத. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். சுத்தமா இருக்கு."

"அவ்வளவு சுத்தமா இருந்தா நீ போய் இரு. ரூம் எதுக்கு வேணும், அதச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வண்டி மழைல நனையுது. அதுவும்தான். ஆனா அதுக்காக மட்டும் இல்லக்கா."

"வண்டிக்கு ரெண்டு சக்கரமும் நல்லா இருக்குடா. அது எங்க வேணும்னாலும் நிக்கும்."

"நாளைக்கு நீ உள்ள விழுந்து கெடந்தா யாரு பாக்கறது? நாங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றோம். செவ்வாய்க்கிழமை மட்டும்தான் அவளுக்கு அரை நாள். எனக்கு வேலைல கை ஓட மாட்டேங்குது."

அவனுக்கு நிஜமாகவே பயம்தான். வண்டி நனைவதும் நிஜம்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்ததில்தான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"விழுந்தா எந்திரிப்பேன். உன்னக் கூப்பிட மாட்டேன். எழுதி வேணும்னாலும் வெச்சுக்கோ, ஒரே ஒரு தடவை விழுந்து உன்னக் கூப்பிட்டேன்னா அன்னிக்கே வண்டி பிடி. நானே ஏறி உட்கார்றேன்."

"இது பேச்சா?"

"பேச்சுதான்."

ஞாயிறு முழுக்க அலமாரியிலேயே கிடந்த போனை அன்று ராத்திரி எடுக்க அவள் போகவில்லை. அவர்களும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. வாய் நமக்குச் சோறு போடாது, குழி மட்டும் வெட்டும்.

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு விழுந்தாள்.

கட்டையின் அடியில் இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்து மரம் தெரிய ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. ஊருக்கெல்லாம் பட்டன் கொடுக்கிறவள், தன் கட்டைக்கு ஒரு ரப்பர் வாங்க நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தாள். குளித்து முடித்துத் துண்டுக்குக் கை நீட்டும்போது ஈரத்தில் கட்டை வழுக்கியது. அது ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மேடையின் விளிம்பு வலது இடுப்பில் இடித்தது. பட்ட காலிலே படும் என்று சொன்னவன் இவளைப் பார்த்ததில்லை. படாத காலில் பட்டது.

கட்டை தரையில் சறுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். உயிர் போய் வந்தது. உடம்பில் ஈரத் துணி ஒன்றுதான்.

ஏழு மணிக்கு ஜன்னல் விளிம்பில் டக் என்று சத்தம்.

"டப்பா வெச்சிருக்கேன்," என்றாள் தம்பி மனைவி வெளியிலிருந்து. கொஞ்ச நேரம் நின்றிருப்பாள் போல. செருப்புச் சத்தம் உடனே நகரவில்லை.

ஊசிக்காரி துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். 'விழுந்துட்டேன்' என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தையின் விலை இந்த அறை. நேற்றுத்தான் தன் வாயாலேயே விலை சொல்லியிருந்தாள். அதற்கு மேல், இந்தக் கோலத்தில் தம்பி வந்து தூக்குவதா?

செருப்புச் சத்தம் போயிற்று. வண்டி உதைக்கிற சத்தம், கேட் சாத்துகிற சத்தம். வீடு அடங்கியது.

அவள் பயப்படவில்லை. கணக்குப் போட்டாள். ஒன்பது மணி தாண்டினால் வாளிக்காரி தேடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாமல் நின்றதே இல்லை. பத்து மணிக்குத் தையல்காரர் வருவார், எங்கே காணோம் என்பார். யாரையாவது விசாரித்து யாராவது வருவார்கள். பெண்ணாக வந்தால் தேவலை. கதவை உடைக்க வேண்டியிருக்கும், தம்பி கத்துவான், கத்தட்டும்.

ஒன்பதாயிற்று. வெயில் கதவு இடுக்கில் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோடு தரையில் ஒரு சாண் நகர்ந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

கட்டை அங்கே நிற்கிறது.

நான்தான் அங்கே நிற்கிறேனே. என்னை யார் தேடுவார்கள்?

சிரிப்புத்தான் வந்தது. இடுப்பு வலியில் சிரிக்கவும் முடியவில்லை. 'கட்டை நிக்குது பாருங்க, இப்ப வந்துடுவா.' இந்நேரம் தையல்காரரிடம் வாளிக்காரி சொல்லிக்கொண்டிருப்பாள், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

பகல் முழுக்க வாளித் தண்ணீரை மொண்டு குடித்தாள். வாளியும் குவளையும் வாளிக்காரியிடம் வாங்கியது. 'உனக்குன்னு கனமானதாப் பாத்து எடுத்தேன்' என்று அவள் தந்தது. இருட்டிய பிறகு வீட்டில் ஆள் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா, டப்பா அப்படியே இருக்கு. தொடக்கூட இல்ல." தம்பி மனைவியின் குரல் ஜன்னலுக்கு வெளியே.

"வெளியில சாப்பிட்டிருக்கும். விடு."

"ரூமைக் கேட்டது நீங்க. கோவம் என் சோத்து மேலயா?"

"லைட்டு எரியல. தூங்குது போல."

"எட்டு மணிக்கேவா? வீம்பு! நாளைக்கு நான் வைக்கப் போறதில்ல. பசிச்சா வாயத் திறந்து கேக்கட்டும்."

அவளுக்கும் கதவுக்கும் நடுவே ஆறடி. கதவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓரடி. ஏழடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் பிறந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் வாயை மூடு என்று சொன்ன வீடு. ஒழுங்காக மூடிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, கேட்பதற்கு ஆளே இல்லாத நேரத்தில், அவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தினாள். சந்தில் ஒருவன் தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு போனான். 'பாய், தலையணை, பாய், தலையணை' என்று அது அவளுடைய குரலுக்கு மேல் ஏறி உட்கார்ந்து போயிற்று. அவனும் தெரு வியாபாரிதான். அவளுடைய ஜாதி.

அதற்குப் பிறகு கத்தவில்லை. சரக்குப் பை கட்டில் காலில் மாட்டியிருந்தது. ஈரத் துண்டை முறுக்கி வீசிப் பையை இழுத்தாள். பை கவிழ்ந்தது. ஊசிகள் தரையெல்லாம் கொட்டின, சில உள்ளங்கையில் ஏறின. எலாஸ்டிக் சுருளைப் பிரித்து, முனையில் பெரிய ஊக்குகள் நாலைத் திறந்தபடி மாட்டி, கட்டிலுக்கு அடியில் வீசினாள். மீன் பிடிக்கிற மாதிரி. எலாஸ்டிக் இழுத்தால் நீளும், விட்டால் முகத்துக்கே வரும். எத்தனை வீச்சு என்று எண்ணவில்லை. வெயில் கோடு சுவரைத் தொட்ட நேரத்தில் கட்டையின் கக்கப்பிடியில் சுற்றியிருந்த துணியில் ஒரு ஊக்கு மாட்டியது. மெதுவாக, நூல் கோக்கிற நிதானத்தோடு, இழுத்தாள்.

கட்டை கைக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம் உட்கார்ந்தபடியே துணி உடுத்தியது. அதற்குப் பிறகுதான் தவழ்ந்து போய்க் கட்டையால் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள்.

தம்பி மனைவி அன்று அரை நாளில் திரும்பியபோது இவள் வாசல் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் தண்ணீர், ஊசிகள், எலாஸ்டிக், பாதித் தண்ணீரில் வாளி. திரும்பி இவளுடைய உள்ளங்கையைப் பார்த்தாள்.

"எப்போ?"

"நேத்துக் காலைல."

"நான் டப்பா வெச்சப்பவா?"

"அதுக்கு முந்தி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன்! ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் போடக் கூடாதா? நான் என்ன பேயா பிசாசா?" அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கக்கத்தில் கை கொடுத்தாள். ஐந்து வருஷத்தில் அவள் இவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

*

எலும்பு உடையவில்லை. உள்காயம். பத்து நாளைக்கு இரண்டு கட்டை இல்லாமல் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

"இன்னொரு கட்டை எங்கக்கா?" என்றான் தம்பி.

"கடைல."

"கடைல என்ன பண்ணுது?"

"வியாபாரம்."

அவன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை பத்து மணிக்கு இல்லத்துலேருந்து வண்டி வரும். சொல்லிட்டேன். நீ கொடுத்த பேச்சுதான்."

"நான் கூப்பிட்டேனா? நானாத்தானே கதவத் திறந்தேன்?"

"ஒன்றரை நாள் கழிச்சு!"

"திறந்தேனா இல்லையா?"

"சரி, திறந்தே. அடுத்த தடவை? தெருவுல எழுபது பேர் இருக்காங்க, எல்லாம் என் சனம்னு சொல்லுவியே. ஒருத்தர் வந்தாங்களா? உன்ன யாரு பாப்பாங்க? ஒரு ஆள் பேரச் சொல்லு, நான் வண்டிய வேண்டாம்னு சொல்லிடறேன். ஒரே ஒரு ஆள்."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தவறிய அழைப்புகள். இரண்டும் கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனி.

சனிக்கிழமை, யார் சொல்லியும் கேட்காமல், வாடகை வண்டி பிடித்துப் பாலத்தடிக்குப் போனாள். படியோரம் இறங்கும்போதே தெரிந்தது. தூணுக்கும் கிராதிக்கும் நடுவே நாலடி இடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. நடுவில் கட்டை. தலையில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுக் கழுத்தில் கயிறு கட்டியிருந்தது.

"வந்துட்டியா!" என்றாள் வாளிக்காரி. "இப்பத்தான் தையல்காரரு கேட்டுட்டுப் போனாரு. இப்ப வந்துடுவான்னு சொன்னேன். எங்கடி போனே, டீக்கா?"

"அஞ்சு நாளாச்சுக்கா."

"என்ன அஞ்சு நாளு?"

"நான் வந்து. திங்கக்கிழமையிலேருந்து வரல."

வாளிக்காரி விரல் விட்டு எண்ணினாள். முகம் மாறியது. "இல்லையே. நேத்து உன்னப் பாத்தேனே. மழை வந்தப்போ... இல்ல, கட்டையப் பாத்தேன். நனையுதேன்னு தாளு போட்டேன். ஒருவேளை சரக்கு எடுக்க மொத்தக் கடைக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன், அப்புறம் வேற என்னமோ நெனச்சேன்..." குரல் இறங்கியது. "உன்கிட்டப் பேசிட்டேகூட இருந்தேன்டி. மருமக கதைய. பதில் காணோமேன்னு திரும்பிப் பாத்தா கட்டை."

அவள் சொன்னது பொய்யில்லை. பெருக்கியது அவள்தான். தாள் போட்டது அவள்தான். பன்னிரண்டு வருஷ சிநேகிதத்தை ஐந்து நாளும் குறைவில்லாமல் அந்த மரத்துக்குச் செய்திருந்தாள்.

ஊசிக்காரி விழுந்ததைச் சொன்னாள். வாளிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லிக்கொண்டே இவள் கிராதியில் சுற்றியிருந்த எலாஸ்டிக்கை அவிழ்த்தாள்.

"என்னடி பண்றே? கட்டைய எடுத்தா இடம் போயிடும்!"

"எனக்கு இப்ப ரெண்டும் வேணும்."

"ஒரு செங்கலாவது வெச்சுட்டுப் போ."

"வேண்டாம்க்கா. இனிமே எதுவும் வைக்க மாட்டேன். திங்கக்கிழமையிலேருந்து வருவேன். நான் இருந்தா இருப்பேன். இல்லைன்னா வெறுந்தரையாக் கெடக்கும். வெறுந்தரையாப் பாத்தா, இவ எங்கன்னு தேடணும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மூணாவது சந்து, பச்சைக் கேட்டு, பக்கவாட்டுக் கதவு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா ஒன்பது மணிக்குக் கடையப் போட்டுட்டு நான் எப்படிடி வர்றது? ஆளு வர்ற நேரமாச்சே."

நியாயமான கேள்வி. தூணுக்கு அந்தப் பக்கம் பெல்ட்காரன் ஒரு பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த பெல்ட்டையே துடைத்தான்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அவள் தயார். சரக்குப் பை கட்டி வைத்தாயிற்று. இரண்டு கட்டைக்கும் புது ரப்பர். வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டாள், போகவில்லை.

தம்பி வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்தான், அவன் மனைவியும் போகவில்லை. "வண்டி பத்து மணிக்கு வரும். துணி எடுத்து வெச்சுட்டியா?"

"ஒன்பதரை வரைக்கும் இருடா."

"எதுக்கு?"

"யாராவது வருவாங்க."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எட்டரை. சந்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள். பாய் தலையணைக்காரன் போனான். ஒன்பது. இந்நேரம் வாளிக்காரி வாளிகளை அடுக்கி முடித்திருப்பாள். வெறுந்தரையைப் பார்த்திருப்பாள். மனசு பதைத்திருக்கும், நிச்சயமாகப் பதைத்திருக்கும். அப்போது ஒரு கும்பல் படியிறங்கியிருக்கும், ஒருத்தி குவளை விலை கேட்டிருப்பாள். ஒன்பதே கால். பன்னிரண்டு வருஷம் பேசிய பேச்சையெல்லாம் மூட்டை கட்டினால் எத்தனை வண்டி தேறும் என்று நினைத்தாள். அந்த மூட்டையில் ஒரு பொட்டலம்கூட இந்தச் சந்துக்குள் நடந்து வரவில்லை.

ஒன்பது இருபதுக்குச் சைக்கிள் மணி கேட்டது. தோளில் பெல்ட்டுகள் ஆட, வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டு ஒருவன் வந்தான். பச்சைக் கேட்டைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றான்.

"இருக்கியாக்கா!"

"யாரு நீ?" என்றான் தம்பி.

"அக்கா கடைக்குப் பக்கத்துல பெல்ட் விக்கறேன். மணி ஒன்பது தாண்டிச்சு, அக்காவக் காணோம். அதான் பாத்துட்டுப் போகலாம்னு."

தம்பிக்கு முகம் இளகிவிட்டது. கேட்டைத் திறக்கவே போனான்.

"டேய் பெல்ட்டு," என்றாள் ஊசிக்காரி. "எதுக்கு வந்தே? உள்ளத அப்படியே சொல்லு. சத்தமாச் சொல்லு."

அவன் நெளிந்தான். சைக்கிள் கைப்பிடியைத் தடவினான். "இல்லக்கா... இடம் வெறுந்தரையாக் கெடக்கு. நீ வருவியா, இல்ல, இனிமே... வரவே மாட்டியா... எடுத்துக்கலாமான்னு. கேக்காம எடுத்தா நல்லா இருக்காதுல்ல?"

தம்பி கேட்டில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான். அவள் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"ஒரு ஆள் பேரச் சொல்லுன்னியேடா தம்பி. இந்தா, ஆளே வந்திருக்கான்."

"அக்கா, இவன் இடத்துக்காக வந்திருக்கான்."

"அதனாலதான் சொல்றேன். பாசத்துல வர்றவங்களுக்கு ஒரு நாளு மறந்து போகும், கடைல ஆளு வந்துடும். ஆசைல வர்றவனுக்கு மறக்கவே மறக்காது." பெல்ட்காரன் பக்கம் திரும்பினாள். "இங்க பாரு. ஒன்பது மணிக்கு நான் அங்க இல்லைன்னா தினமும் இங்க வந்து பாரு. கதவத் தட்டு. பதில் வரலன்னா உடை. உயிரோட இருந்தேன்னா தூக்கி உட்கார வை. இல்லைன்னா அந்த நாலடியும் உனக்கு. இவன் சாட்சி."

"என்னக்கா இப்படிப் பேசறே," என்றான் அவன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவையும் தாழ்ப்பாளையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

தம்பி மனைவி உள்ளேயிருந்து டப்பாவைக் கொண்டுவந்தாள். விளிம்பில் வைக்கவில்லை, கையில் கொடுத்தாள். தம்பி போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்த் திரும்பி நின்று பேசினான். "இன்னிக்கு வேண்டாங்க... இல்லைங்க, இன்னிக்கு மட்டும்."

ஊசிக்காரி இரண்டு கட்டைகளையும் கக்கத்தில் கொடுத்து எழுந்தாள். "பையத் தூக்கு," என்றாள் பெல்ட்காரனிடம்.

பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அவன் சைக்கிளைத் தள்ளினான். அவளுக்கு முன்னே போவான், நிற்பான், திரும்பிப் பார்ப்பான். மறுபடி போவான். சந்து முனை வந்ததும் போனை எடுத்து மணி பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"என்னடா?"

"ஒன்பதே முக்கால்க்கா. வெறுந்தரை. இந்நேரம் எவனாவது விரிச்சிருப்பான்."

"அப்ப என்ன ஆடி அசைஞ்சு வர்றே?" என்றாள் அவள். "வேகமா நட."